முதியோர் இல்லத்தின் வாசலைக் காப்பது யார்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது நம் ஊர் ஆலையைப் பற்றியதல்ல. நம் ஊர் வயலைப் பற்றியதுமல்ல. கடல் கடந்த கனடா தேசத்தில் முதியோர் இல்லங்களுக்கு என்ன நேர்ந்தது, அடுத்த புளு ஜுரம் உலகத்தைச் சுற்றி வரும்போது அந்த இல்லங்களைக் காப்பது எப்படி என்பதே நம் பேச்சு. பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கும் சேற்றில் நிற்பவருக்கும் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கேட்டு முடியுங்கள், இது யாருடைய கதை என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். நர்சிங் ஹோம் என்றால் நம் பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரி என்று அர்த்தம். பிரசவத்துக்குப் போகிறோம், ஆபரேஷனுக்குப் போகிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படியல்ல. தாமாக எழுந்து நடக்க முடியாத, தாமாகச் சாப்பிட முடியாத, நினைவு தப்பிய முதியவர்கள் தம் கடைசி ஆண்டுகளைக் கழிக்கும் இடம் அது. நூறு பேர், இருநூறு பேர் ஒரே கட்டிடத்தில் வாழ்வார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, மலஜலம் துடைத்து, படுக்கையில் புரட்டிவிடுபவர்கள் பராமரிப்புத் தொழிலாளிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள், கரீபியன் தீவுப் பெண்கள், டொரான்டோ பக்கத்தில் ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய நம் தமிழ்ச் சகோதரிகளும் அவர்களில் உண்டு.

ஜுரம் வரும் வழி

இன்புளூயன்சா நமக்குப் புதிதல்ல. 1918-ல் வந்தபோது உலகத்தில் கோடிக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1957-ல் ஆசிய புளு என்று வந்தது. அந்த மே மாதத்தில் கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தை எட்டிற்று. 1968-ல் ஹாங்காங் புளு. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று ஜனங்கள் பெயரிட்ட புதிய புளு. ஆக, இது வருமா என்பது கேள்வியல்ல. எப்போது வரும் என்பதே கேள்வி.

இந்தக் கிருமியின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பில் புகுந்து சுமார் இரண்டு நாளில் ஜுரம் காட்டும். ஆனால் ஜுரம் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். இருமலில், தும்மலில், பேச்சில், கையில் பரவும். திடகாத்திரமான ஆள் ஒரு வாரத்தில் எழுந்து நடப்பான். எண்பது வயதுப் பாட்டிக்கு அதுவே நிமோனியாவாக மாறும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வயது முதிர்ந்தவருக்குச் சில சமயம் ஜுரமே காட்டாது. சாப்பாடு வேண்டாம் என்பார். பேச்சு தடுமாறும். எழுந்திருக்காமல் கிடப்பார். அவ்வளவுதான். கையில் தர்மாமீட்டரோடு வந்து போகிறவருக்கு இது புலப்படாது. தினமும் முகம் கழுவிவிடும் பெண் ஒருத்திதான், "பாட்டி நேற்றுப் போல் இல்லையே" என்று முதலில் கண்டு சொல்வாள். நாளுக்கொரு ஆள் மாறி வந்தால் அந்தக் கண் ஏது? புளுவுக்கு மருந்து உண்டு. ஆனால் நோய் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். எனவே முதலில் கண்டு சொல்லும் அந்தப் பெண் வெறும் கூலிக்காரி அல்ல, இல்லத்தின் காவல்காரி.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆண்டுதோறும் வரும் புளுவுக்கு ஊசி உண்டு, போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புதிய ரகக் கிருமி கிளம்பினால் அதற்கென்று புதிய ஊசி தயாரித்தாக வேண்டும். 2009 ஏப்ரலில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. கனடாவில் ஜனங்களுக்கு ஊசி போடத் தொடங்கியது அக்டோபர் கடைசியில். ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் முதியவரைக் காப்பது எது? நல்ல அறை, போதிய ஆள், முகக்கவசம், ஜுரம் வந்த தொழிலாளி வீட்டில் இருக்கும் வசதி. இவைதான். வேறில்லை.

புத்தகத்தில் இருந்த தயாரிப்பு

கனடா சர்க்கார் தயாரிப்பே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2003-ல் சார்ஸ் என்ற நோய் டொரான்டோ நகரைத் தாக்கிற்று. 44 பேர் மாண்டார்கள். அவர்களில் இரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரும் உண்டு. அதன்பின் ஒரு நீதிபதியின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். விஞ்ஞானிகள் முழு நிச்சயத்துக்கு வரும்வரை காத்திராமல் ஊழியர்களைப் பாதுகாக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள் என்று அந்தக் கமிஷன் அழுத்தந்திருத்தமாகக் கூறிற்று.

2004-ல் இன்புளூயன்சா கொள்ளைநோய்க்கென்று தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 2006-ல் அதைத் திருத்தினார்கள். ஜனத்தொகையில் 15 முதல் 35 சதவீதம் பேர் வரை நோயில் விழலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதியோர் இல்லங்களில் தொற்றைத் தடுப்பது எப்படி என்றும் எழுதினார்கள். ஒன்டாரியோ மாகாணம் சுமார் 5.5 கோடி என்-95 முகக்கவசங்களை வாங்கிக் கிடங்கில் அடுக்கியது.

பிறகு என்ன நடந்தது? முகக்கவசங்களின் காலக்கெடு முடிந்தது. மாகாணத்தின் தணிக்கை அதிகாரி 2017-லேயே இதைச் சுட்டிக் காட்டினார். பழையதை எடுத்து உபயோகித்துப் புதியதை வைக்கும் ஏற்பாடு இல்லை. களஞ்சியத்து நெல்லை எந்த விவசாயியாவது இப்படி மக்கவிடுவானா? பழைய நெல்லை முதலில் எடுத்துக் குத்துவான். புதிய நெல்லைப் பின்னால் கொட்டுவான். படிக்காத விவசாயிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு கோட்டையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியவில்லை. காலக்கெடு முடிந்த கவசங்களை அழித்தார்கள். புதிதாக வாங்கி வைக்கவில்லை.

2009-ல் வந்த புளு முதியவர்களை அதிகம் தொடவில்லை. அவர்கள் சிறுவயதில் அதே இனக் கிருமியைச் சந்தித்திருந்தார்கள். உடம்பில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி மிஞ்சியிருந்தது. அந்தத் தடவை தப்பியது அதிர்ஷ்டம். அதை யாரும் தயாரிப்பின் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

2020-ல் வேறொரு கிருமி வந்தது. அதன் பெயர் கோவிட். புளுவுக்கென்று எழுதிய ஏட்டுத் திட்டத்தை அது பரீட்சித்துப் பார்த்தது. இரண்டும் வேறு வேறு கிருமிகள். ஆனால் இரண்டும் மூச்சுக் காற்றில் பரவுபவை. இரண்டும் முதியோர் இல்லத்தில் நுழைவது ஒரே வாசல் வழியாகத்தான். முதல் அலையில் கனடாவில் கோவிட்டால் இறந்தவர்கள் பத்துப் பேர் என்றால் அவர்களில் எட்டுப் பேர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள்.

வாசலில் நின்றவள்

அந்த வாசலில் நின்றது யார்? ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு இல்லத்தில் அவளுக்கு ஐந்து மணி நேர வேலை. முழு வேலை கொடுத்தால் முதலாளி சலுகைகள் தர வேண்டியிருக்கும். ஆகவே அரை வேலைதான். அந்தக் கூலி வீட்டு வாடகைக்கே போதாது. சாயங்காலம் பஸ் ஏறி இன்னொரு இல்லத்துக்குப் போகிறாள். வாரக் கடைசியில் ஏஜென்சிக்காரன் அனுப்பும் மூன்றாவது இல்லம். நம் ஆலைகளில் பதிலித் தொழிலாளி வாசலில் காத்து நிற்கிறானே, அதே நிலைதான். பெயர் வேறு, தேசம் வேறு.

ஒருநாள் விடியற்காலையில் அவளுக்குத் தொண்டை வலிக்கிறது, உடம்பு கணகணவென்று இருக்கிறது. போகாவிட்டால் கூலியில்லை. இரண்டு நாள் போகாவிட்டால் அடுத்த வாரம் அழைப்பில்லை. அவள் என்ன செய்வாள்? மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் புறப்படுகிறாள். அவளோடு கிருமியும் பஸ் ஏறுகிறது. மூன்று இல்லங்களின் கதவும் அதற்குத் திறக்கிறது.

இது கற்பனைச் சித்திரம். ஆனால் நடப்பு இதற்கு மாறானதல்ல. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாந்து என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நோய் புகுந்தது. மார்ச் 18-க்குள் அந்த இல்லத்தைச் சேர்ந்த 101 முதியவர்களையும் 50 ஊழியர்களையும் பார்க்க வந்த 16 பேரையும் அது பற்றிக்கொண்டது. முதியவர்களில் மூன்றில் ஒருவர் மாண்டார். அரசாங்கச் சுகாதார நிபுணர்கள் ஆராய்ந்து காரணங்களைப் பட்டியலிட்டார்கள். நோய்க்குறி இருக்கும்போதே ஊழியர்கள் வேலைக்கு வந்தது. ஒரே ஊழியர் பல இல்லங்களில் வேலை செய்தது. பாதுகாப்பு உடைகளை உபயோகிக்கப் பயிற்சி போதாதது. நோய் இருக்கிறது என்பதைத் தாமதமாகக் கண்டது. பட்டியல் இதுதான்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் என்ன சொன்னார்கள்? "ஊழியர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள்" என்றார்கள். தோழர்களே, இந்தப் பேச்சை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. கிருமியைச் சுமந்தது அவள் உடம்பு. அவளை அந்த உடம்போடு வாசலுக்குத் துரத்தியது பசி. அமெரிக்காவில் எல்லாத் தொழிலாளிக்கும் கூலியோடு நோய் விடுமுறை தரும் தேசியச் சட்டம் 2020-க்கு முன் இருந்ததில்லை. அந்த ஆண்டு அவசரச் சட்டம் ஒன்று வந்தது. அதிலும் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் கம்பெனிகள் விலக்கப்பட்டன. நோயாளிகளைப் பராமரிப்போரையும் விலக்கி வைக்க முதலாளிக்கு அனுமதி தரப்பட்டது. யாருக்கு அவசியம் அதிகமோ அவருக்கே இல்லை! அந்தச் சட்டக் கட்டாயமும் அந்த ஆண்டு முடிவோடு முடிந்தது.

ஒன்டாரியோவில் 2018-ல் ஆண்டுக்கு இரண்டு நாள் கூலியோடு விடுமுறை தரும் சட்டம் அமலாயிற்று. 2019 ஜனவரியில் புதிய சர்க்கார் அதை ரத்துச் செய்துவிட்டது. பதினைந்து மாதம்கூட ஆகவில்லை, நோய் வந்து கதவைத் தட்டிற்று.

நான்கு கட்டில் அறை

ஆள் மட்டுமல்ல, அறையும் முக்கியம். ஒன்டாரியோவின் பழைய இல்லங்களில் ஒரே அறையில் நான்கு கட்டில், நடுவில் ஒரு திரை, நால்வருக்கும் ஒரே குளியலறை. ஒண்டிக் குடித்தனத்தில் ஒருவருக்கு அம்மை போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 வசந்த காலத்தில் அந்த மாகாணத்தின் அறுநூறுக்கு மேற்பட்ட இல்லங்களை ஆராய்ந்தார்கள். நெருக்கடி அதிகமான இல்லங்களில் நூற்றுக்குச் சுமார் 9.7 பேருக்குத் தொற்று. நெருக்கடி குறைந்த இல்லங்களில் 4.5 பேருக்கு. சாவும் அப்படியே இரண்டு மடங்கு: 2.7, 1.3. நான்கு கட்டில் அறைகள் எல்லாம் இரண்டு கட்டில் அறைகளாக இருந்திருந்தால் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள்.

லாபத்துக்கு நடத்தும் இல்லங்களைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. முடிவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிருமி உள்ளே நுழைவதில் லாப இல்லத்துக்கும் பொது இல்லத்துக்கும் வித்தியாசமில்லை. சுற்றுவட்டாரத்தில் நோய் இருந்தால் எங்கும் நுழையும். ஆனால் நுழைந்தபின் பரவிய வேகத்திலும் விழுந்த பிணங்களிலும் லாப இல்லங்களே முன்னே நின்றன. காரணம், பழைய நான்கு கட்டில் அறைகளை இடித்துக் கட்டாமல் வைத்திருந்தவற்றில் அவை அதிகம். பெரிய கம்பெனிச் சங்கிலியில் கோத்திருந்தவையும் அவையே.

ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் கடைசியில் ராணுவத்தை முதியோர் இல்லங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. ஒன்டாரியோவில் சிப்பாய்கள் கண்டதை 2020 மே மாதம் ரிப்போர்ட்டாக எழுதினார்கள். உதவி கேட்டு அழுத முதியவர்களுக்கு நெடுநேரம் ஏன் என்று கேட்க ஆளில்லை; அழுக்குத் துணியோடு கிடந்தார்கள்; கரப்பான் பூச்சி ஓடிற்று. 2021 ஏப்ரலில் மாகாணத்தின் விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளியிட்டது. அதற்குள் ஏறத்தாழ 4,000 முதியவர்களும் 11 ஊழியர்களும் மாண்டிருந்தார்கள். சார்ஸ் நோயின் பாடங்களை மறந்ததே இந்தக் கதிக்கு ஒரு காரணம் என்று கமிஷன் கூறிற்று.

இரண்டு மாகாணம், இரண்டு கணக்கு

இப்போது அதே தேசத்தின் மேற்குக் கோடிக்குப் போவோம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். கனடாவின் முதல் கோவிட் மரணம் 2020 மார்ச்சில் அங்கேதான், வட வான்கூவரில் ஒரு முதியோர் இல்லத்தில் நேர்ந்தது. அதே மாதத்தில் அந்த மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி உத்தரவிட்டார்: பராமரிப்புத் தொழிலாளி ஒரே இல்லத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

உத்தரவு போடுவது சுலபம். இரண்டாவது வேலையைப் பறித்தால் அவள் சாப்பிடுவது எப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மாகாணம் கூலியையும் உயர்த்திற்று. குறைந்த கூலி தந்த இல்லங்களிலும் சங்க ஒப்பந்தக் கூலி கிடைக்கும்படி அரசாங்கம் பணம் கொடுத்தது. வேலை நேரத்தையும் பங்கிட்டுக் கொடுத்தது. ஒன்டாரியோ ஏப்ரல் மாதம்தான் ஒரே இல்ல உத்தரவு போட்டது. ஏஜென்சி ஆட்களுக்கு அதிலிருந்து விலக்கு வேறு. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்கதவைப் பூட்டினாற்போல ஆயிற்று.

2020 செப்டம்பர் 10 வரையுள்ள கணக்கைப் பாருங்கள். ஒன்டாரியோ இல்லங்களில் நூற்றுக்கு 7.6 முதியவர்களுக்குத் தொற்று; பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1.7. சாவு அங்கே நூற்றுக்கு 2.3; இங்கே 0.6.

கூலி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு முதியவருக்கு ஒரு நாளில் கிடைத்த பராமரிப்பு 3 மணி 15 நிமிஷம். ஒன்டாரியோவில் சுமார் 2 மணி 40 நிமிஷம். அறையைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள் அங்கே நூற்றுக்கு 24, ஒன்டாரியோவில் 63. ஊரில் நோய்ப் பரவலும் அங்கே குறைவு. இரண்டாம் அலையில், அந்தக் குளிர்காலத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா இல்லங்களிலும் பல உயிர்கள் போயின. ஆயினும், நோய் வருமுன் எங்கே ஆளும் அறையும் கொஞ்சம் அதிகம் இருந்தனவோ அங்கே சாவு குறைந்தது என்பது கண்கூடு.

அந்தச் சங்கக் கூலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2002-ல் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்து, வேலையைக் காண்டிராக்டருக்கு விடலாம் என்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், வேலை இழந்தார்கள். அதே வேலைக்குக் குறைந்த கூலியில் ஆள் எடுத்தார்கள். பெண்கள் இரண்டு மூன்று இல்லங்களுக்கு ஓடத் தொடங்கியதற்கு அந்தக் கூலி வெட்டு ஒரு முக்கியக் காரணம். சங்கங்கள் விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போயின. 2007-ல் கனடா சுப்ரீம் கோர்ட், கூட்டுப் பேரம் பேசும் உரிமை அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று தீர்ப்பளித்து, அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. 2018-ல் சட்டசபை அதை நீக்கச் சட்டம் இயற்றியது. 2002-ல் வெட்டிய கூலி 2020-ல் கிருமிக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. பதினெட்டு ஆண்டுக்கு முன் மிச்சம் பிடித்ததற்கு வட்டியை முதியவர்களின் உயிராக வசூலித்துக்கொண்டது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 355 முதியோர் இல்லங்களை ஆராய்ந்தார்கள். சங்கம் இருந்த இல்லங்களில் கோவிட் சாவு விகிதம் சுமார் 30 சதவீதம் குறைவு. நல்ல முகக்கவசமும் கண் காப்பும் தொழிலாளிக்குக் கிடைத்ததும் அந்த இல்லங்களில்தான் அதிகம். பிறகு தேசம் முழுவதும் ஆராய்ந்தபோது வித்தியாசம் சுமார் 11 சதவீதம் என்று தெரிந்தது. சங்கம் என்ன மந்திரமா? இல்லை. "முகக்கவசம் இல்லாமல் உள்ளே போக மாட்டோம்" என்று ஒருத்தி தனியாகச் சொன்னால் நாளை அவளுக்கு வேலையில்லை. நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் கவசம் வருகிறது. கவசம் தொழிலாளியின் மூக்கை மூடுகிறது. காப்பது பாட்டியின் உயிரை.

தயாரிப்பு என்றால் என்ன?

ஆகவே முதியோர் இல்லத்தை அடுத்த புளுவுக்குத் தயார்செய்வது என்றால் என்ன அர்த்தம்? ஏட்டில் எழுதுவதல்ல. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அணை எது என்று ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

முதலாவது, கூலியோடு நோய் விடுமுறை. கொள்ளைநோய் வந்தபின் அவசரச் சட்டமாக அல்ல. எப்போதும், எல்லாருக்கும், ஏஜென்சி ஆளுக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2022 ஜனவரி முதல் ஆண்டுக்கு ஐந்து நாள் என்று சட்டமாக்கினார்கள். புளு ஒருவரை ஒரு வாரம் படுக்க வைக்கும் என்பதை நினைத்தால் இதுவே போதாது.

இரண்டாவது, ஒரு இல்லம், ஒரு முழு வேலை, குடும்பம் நடத்தப் போதுமான கூலி.

மூன்றாவது, போதிய ஆள். நூற்றுக்கு 15 முதல் 35 பேர் விழுவார்கள் என்று கணக்குப் போட்டது அவர்களேதான். நல்ல நாளிலேயே ஆள் பற்றாத இல்லத்தில் நான்கில் ஒருவர் படுத்துவிட்டால் மிச்சமுள்ளவர் என்ன செய்வார்? நூற்பு மெஷினில் இரண்டு பக்கம் பார்த்தவரை நான்கு பக்கம் பார் என்றால் நூல் அறும். இங்கே அறுவது நூல் அல்ல.

நான்காவது, அறை. ஒருவருக்கு ஓர் அறை; முடியாவிட்டால் இருவருக்கு மேல் கூடாது. நோய் கண்டவரைப் பிரித்து வைக்க எப்போதும் காலி அறை ஒன்றிரண்டு வேண்டும். காற்று வந்து போக ஜன்னலும் விசிறியும் வேண்டும்.

ஐந்தாவது, முகக்கவசக் கையிருப்பு. கிடங்கில் மக்குவதாக இருக்கக் கூடாது. சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதைச் சரியாக அணியும் பயிற்சி வேலை நேரத்தில், கூலியோடு தரப்பட வேண்டும்.

ஆறாவது, ஆண்டுதோறும் புளு ஊசி, இல்லத்திலேயே, முதியவருக்கும் தொழிலாளிக்கும். ஊசி போட்ட மறுநாள் கை வலித்து உடம்பு காய்ந்தால் அந்த நாளுக்கும் கூலி. புளு மருந்தும் கைவசம் இருக்க வேண்டும்; இரண்டு நாளுக்குள் டாக்டர் பார்க்க வேண்டும்.

ஏழாவது, குடும்பத்தார். 2020-ல் மகனையும் மகளையும் மாதக்கணக்கில் வெளியே நிறுத்தினார்கள். பயம் புரிகிறது. ஆனால் மத்தியானம் வந்து ஒரு கவளம் ஊட்டிவிட்டுப் போன மகளும் பராமரிப்பில் ஒரு கைதான். அந்தக் கையை வெட்டியபோது பல முதியவர்கள் தனிமையில் வாடினார்கள், உணவை ஒதுக்கினார்கள். ஒரு முதியவருக்கு ஒரு உறவினர் என்று முன்கூட்டியே குறித்து, கவசமும் பயிற்சியும் கொடுத்து, அவரை உள்ளே விட வேண்டும்.

எட்டாவது, வாய். "பாட்டி நேற்றுப் போல் இல்லை" என்று சொல்லவும், "கவசம் இல்லை" என்று சொல்லவும், "எனக்கு ஜுரம்" என்று சொல்லவும் பயமில்லாத நிலை வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற ஏழும் வீண்.

இதற்கெல்லாம் அவகாசம் இருக்கிறதா? 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் கிருமி கறவைப் பசுக்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகச் சுமார் எழுபது பேருக்கு அந்தக் கிருமி தொற்றியது. அவர்கள் யார்? பெரும்பாலும் பால் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் கூலி வேலை செய்பவர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் சக்தியை அந்தக் கிருமி அப்போது பெற்றதாகத் தெரியவில்லை. ஆனால் பாருங்கள்: புதிய கிருமி முதலில் தொடுவது பண்ணைக் கூலியாளை, கடைசியில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பது முதியோர் இல்லத்துக் கூலிப் பெண். இரண்டு கோடியிலும் நிற்பது உழைப்பாளி.

நமக்கு என்ன?

தோழர்களே! இப்போது சொல்லுங்கள், இது யாருடைய கதை? நம் ஆலைத் தொழிலாளிக்கு 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தவருக்கு நோயில் விழுந்தால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். பணக்கார நாடுகளின் பல பராமரிப்புத் தொழிலாளிகளுக்கு அதுகூட இருந்ததில்லை. ஆனால் நம் விவசாயத் தொழிலாளிக்கு? நடவு நாளில் ஜுரம் வந்தால் அந்த நாள் கூலி போயிற்று. காண்டிராக்ட் ஆளுக்கு? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு? அவர்கள் ஜுரத்தோடு போவது அவர்கள் குற்றமா?

பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பிரிந்து போக, நம் ஊர்களிலும் முதியோர் இல்லங்கள் பெருகிவருகின்றன. நாளை நம்மில் ஒருவர் தாயை அங்கே விட நேரலாம். நம்மில் ஒருவர் மகள் அங்கே வேலைக்குப் போகலாம். தரையில் பளிங்கு பதித்திருக்கிறதா, வாசலில் பூந்தோட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். நிர்வாகியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு ஜுரம் வந்தால், கூலி போகாமல் வீட்டில் இருக்க முடியுமா?"

முடியும் என்றால் அந்த இல்லத்தின் வாசலில் காவல் இருக்கிறது. முடியாது என்றால், கிடங்கில் எத்தனை கோடி கவசம் அடுக்கியிருந்தாலும் அந்த வாசல் திறந்தே கிடக்கிறது.

வாசலில் நிற்பவளைக் காப்போம். உள்ளே படுத்திருப்பவரை அவள் காப்பாள்.